எதன்மேல் எதைப் பூசலாம்?

கிட் தபாலில் வரும், பெயின்ற் வராது. மட்டக்களப்பில் மொடல் கட்டுகிறவரின் பூச்சுத் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. ஜப்பானிலிருந்து எடுப்பித்த கப்பல் கிட் பிந்தினாலும் தபாற்கந்தோருக்கு வந்து சேர்ந்துவிடும். அதன் விளக்கத்தாளில் இலக்கம் போட்டுக் காட்டியிருக்கும் லெக்கர் போத்தல்களோ எளிதில் தீப்பற்றும் திரவங்கள். சர்வதேசத் தபாலில் அவற்றை ஏற்கமாட்டார்கள். ஆகவே நம் மேசையில் கூடுவது பல ஊர்ச் சரக்கு: கொழும்பில் யாரையோ பிடித்து வாங்கிய டமியா போத்தல் இரண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்த நீர்க்கரைசல் வயேஹோ, ஹார்ட்வெயார் கடையில் எடுத்த சின்னப் பேணி எனாமல், டிங்கரிங் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய என்.சி. தின்னர். தனித்தனியே எல்லாம் நல்ல சாமான்தான். ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போதுதான் சண்டை.

இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாக ஒரே கப்பலை எடுத்துக்கொள்வோம்: எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து அடியிலிருந்து கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்ட அதே நாளில், ஜப்பானிய ஐச்சி குண்டுவீச்சு விமானங்கள் அதை மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் அன்றே போயிற்று. இன்றும் ஹேர்மிஸ் ஐம்பது மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் நம் கரைக்கு முன்னால் கிடக்கிறது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சுழியோடிகள் இறங்கிப் பார்க்கிறார்கள். அவோஷிமா நிறுவனம் இதை 1/700 அளவில் வெளியிட்டிருக்கிறது. 182.9 மீற்றர்க் கப்பல் 26 சென்ரிமீற்றராகச் சுருங்கி மேசையில் நிற்கும். நம்மூர்ப் பிள்ளைகள் கட்ட விரும்பும் கிட் என்பதற்காக மட்டும் இதைத் தெரிவுசெய்யவில்லை. பொலிஸ்டைரீன் பிளாஸ்ரிக், பித்தளைத் தகட்டுக் கம்பிவேலி, டெக்கல், கழுவல் பூச்சு, கடல் அமைக்கும் அடித்தளம் என்று எல்லாச் சிக்கலும் இந்த ஒரு கப்பலிலேயே வந்துவிடுகிறது.

பேணியைப் பார்க்காதீர்கள், தின்னரைக் கேளுங்கள்

பேணியில் போட்டிருக்கும் பெயர் உங்களுக்கு அதிகம் உதவாது. எது அதைக் கரைக்கிறது என்பதுதான் உதவும். அந்தக் கண்ணோடு பார்த்தால் நம் கைக்கு வரும் பூச்சுகள் நான்கு குடும்பம்.

முதலாவது லெக்கர். ஜப்பானிய மிஸ்ரர் கலர், டமியாவின் எல்.பி. வரிசை, டமியா ரி.எஸ். ஸ்பிரே, டிங்கரிங் கடை என்.சி. பெயின்ற் எல்லாம் இங்கே சேரும். தின்னர் பறந்துபோனால் உலர்ந்தது என்று கணக்கு. வேறு இரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. அதனால் பல மாதம் கழித்து அதே தின்னர் பட்டாலும் திரும்பக் கரையும். இரண்டாவது எனாமல்: ஹம்ப்றோல், டமியாவின் சின்னச் சதுரப் போத்தல் எனாமல், கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் ஹார்ட்வெயார் எனாமல். டேர்பன்டைன் வகையில் கரையும். தின்னர் பறந்த பிறகும் இது முழுதாக உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை உள்ளிழுத்து மெல்ல இறுகுகிறது, அதற்கு நாட்கணக்கு எடுக்கும். மூன்றாவது டமியாவின் எக்ஸ், எக்ஸ்.எஃப். வரிசை அக்கிரிலிக். அற்ககோலில் கரையும், லெக்கர் தின்னரையும் ஏற்கும். நான்காவது வயேஹோ போன்ற தண்ணீர் அக்கிரிலிக். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனின் கிட்டத்து உறவு.

மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே பெயரால் அழைக்கிறோம், ஆனால் ஒன்றின் தின்னர் மற்றதுக்கு நஞ்சு. வயேஹோவுக்குள் அற்ககோலோ டமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரோ ஊற்றினால் நிறம் திரைந்து கட்டிகட்டியாக நிற்கும். எயார்பிரஷ் ஊசித்துளை அடைபட்டால் அரைநாள் வேலை. டமியாவிலேயே இன்னொரு பொறி உண்டு: எக்ஸ்-20 என்பது எனாமல் தின்னர், எக்ஸ்-20ஏ என்பது அக்கிரிலிக் தின்னர். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மேசையில் இரண்டும் இருந்தால் ஒன்றின் மூடியில் சிவப்பு நாடா ஒட்டிவிடுங்கள்.

ஹார்ட்வெயார் ஸ்பிரே பேணி தனிக்கதை. முகப்பில் ‘அக்கிரிலிக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது தண்ணீர்ச் சாமான் என்று நம்பி வயேஹோவின்மேல் அடிப்பவர்கள் பலர். உள்ளே இருப்பது அக்கிரிலிக் லெக்கர், கரைப்பானோ கொடியது. பேணியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அசிற்றோன், சைலீன், தொலுயீன் என்று இருந்தால் அதை லெக்கர் குடும்பத்தில் வையுங்கள்.

கடையில் எழுத்து வாசிக்க முடியாத பேணி கிடைத்தால் முதலாளியிடம் நிறத்தைக் கேட்காதீர்கள், தின்னரைக் கேளுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, இதுக்கு என்ன ஊத்திக் கலக்குற?”

“அதுக்கு என்.சி. தின்னர்தான் தம்பி. டேர்பன்டைன் ஊத்தினா திரைஞ்சிரும், மறுகா என்னட்ட கொண்டு வரப்படாது.”

இந்த ஒரு பதிலில் குடும்பம் தெரிந்துவிட்டது. டேர்பன்டைன் என்று சொன்னால் எனாமல். “ரெண்டும் போடலாம்” என்று சொல்லும் கடையில் வாங்காமல் வருவது நல்லது.

வீட்டில் கிடக்கும் பழைய மொடலில் என்ன பூசியிருக்கிறது என்று அறிய டிங்கரிங்காரர் வழியே போதும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை என்.சி. தின்னரில் தொட்டு, மறைவான இடத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் உடனே பஞ்சில் ஏறினால் லெக்கர் அல்லது டமியா அக்கிரிலிக். தோல் ஊதிச் சுருங்கினால் எனாமல். ஒன்றுமே நடக்காவிட்டால் இறுக்கி சேர்த்து அடித்த ரூ-கே வாகனப் பெயின்றாக இருக்கலாம். அதன்மேல் எதுவும் அடிக்கலாம், ஆனால் நீர்த்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் எதுவும் பிடிக்காது. வீட்டில் ரூ-கே அடிக்க நினைக்காதீர்கள். அதன் இறுக்கியிலுள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழாயைக் கெடுக்கும், சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

கொடியது கீழே, சாது மேலே

முழுப் பூச்சு வேலைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: லெக்கர் அடியில், அதன்மேல் அக்கிரிலிக், அதற்கும் மேல் எனாமல். மேலே வரும் பூச்சின் தின்னர் கீழே இருப்பதைக் கரைக்கக்கூடாது என்பதுதான் உள்ளே இருக்கும் நியாயம். டேர்பன்டைனுக்கு உலர்ந்த அக்கிரிலிக்கைக் கரைக்கும் வலு இல்லை. அற்ககோலுக்கு நன்றாகக் காய்ந்த லெக்கரை அவ்வளவாக அசைக்க முடியாது. மாறிப் போனால், அதாவது எனாமலின்மேல் லெக்கர் ஏறினால், நடப்பது இதுதான்.

ஹேர்மிஸின் பக்கச்சுவருக்கு ஹார்ட்வெயார் சாம்பல் எனாமலைத் தூரிகையால் பூசிவிட்டு, இரண்டு நாள் கழித்து விரலால் தொட்டுப் பார்க்கிறீர்கள். ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று முடிவெடுத்து மேலே லெக்கர் கிளியர் அடிக்கிறீர்கள். முதல் அரை நிமிடம் கண்ணாடி போல மின்னும். பிறகு தளத்தின் ஓரத்தில், பூச்சு சற்றுத் தடித்து நின்ற இடத்தில், ஒரு கோடு எழும்பும். கோடு கிளைவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுப் பக்கமும் கொதித்து ஆறிய பாலின் ஆடையைக் கரண்டியால் தள்ளியதுபோல் சுருங்கிவிடும். காரணம் எளியது. எனாமலின் மேற்தோல் இறுகியிருக்கிறது, அடிப்பக்கம் இன்னும் மென்மை. லெக்கர் தின்னர் தோலுக்குள் இறங்கி அதை ஊதச் செய்கிறது. பரப்பு பெருக்கிறது, அடியோ பிளாஸ்ரிக்கில் ஒட்டியிருக்கிறது. விரிய இடமில்லாத தோல் மடிந்துதான் ஆகவேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரே எனாமலின்மேல் அதே எனாமலைப் பூசினாலும் சில நேரம் சுருங்கும். முதற்பூச்சு பூசிச் சில மணி நேரத்துக்குள் இரண்டாவதைப் பூசலாம், தோல் இன்னும் கட்டவில்லை. நன்றாக ஒரு கிழமை, மாரிகாலம் என்றால் அதற்கும் மேலாக, விட்டுவிட்டுப் பூசலாம், அடிவரை இறுகியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்கள்தான் ஆபத்து. விரலில் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்குச் சாட்சி அல்ல. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகருங்கள். எனாமல் வாசம் கொஞ்சமேனும் வந்தால் இன்னும் வேலை நடக்கிறது.

தலைகீழாகச் செய்யவே கூடாதா என்றால், செய்யலாம். நீர்க்கரைசல் அக்கிரிலிக்கின்மேல் லெக்கர் கிளியர் அடிக்கும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தூரத்திலிருந்து பனிபோல மிக மெல்லிய தூவல், அது பறந்ததும் இன்னொன்று, இப்படிக் கட்டிக்கொண்டு போவார்கள். ஈரமாக ஓர் அடி அடிப்பது கடைசியில்தான். கீழே இறங்கிக் கரைக்கும் அளவுக்குத் தின்னர் ஒரே நேரத்தில் சேராது. நல்ல எயார்பிரஷும் பொறுமையும் இருந்தால் முயலுங்கள். ஸ்பிரே பேணியால் இதைச் செய்ய வராது, அதன் தூவல் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. எனாமலின்மேல் மட்டும் எந்த லெக்கர் தூவலையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

என்.சி. தின்னரைப் பற்றி ஒரு சொல். மொடல் கம்பனிகளின் லெக்கர் தின்னரும் இதுவும் ஒரே குடும்பம்தான், குணம் வேறு. வாகனத் தகட்டுக்கென்று செய்தது பொலிஸ்டைரீனுக்கு இரக்கம் காட்டாது. மிஸ்ரர் கலரைக் கரைக்க என்.சி. தின்னர் ஊற்றினால் கரையும், ஆனால் ஈரமாக அடித்தால் ஹேர்மிஸின் தளத்திலுள்ள மெல்லிய கோடுகளையும் சேர்த்துக் கரைத்துவிடும். கிட்டின் சட்டத்துண்டில் ஒரு துளி விட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தால் அந்தத் தின்னர் எயார்பிரஷ் கழுவ மட்டும்.

மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை டமியா அக்கிரிலிக்குக்கு ஊற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சில தயாரிப்புகளில் தோல் வறளாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்ப்பதுண்டு. கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். தடயமின்றிப் போனால் ஊற்றலாம். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் அது காயத்துக்கு மட்டும். மண்ணெண்ணெயை எனாமலுக்கு ஊற்றும் பழைய வழக்கமும் வேண்டாம். அதன் எண்ணெய்ப் பகுதி பூச்சுக்குள் தங்கி, கிழமைக்கணக்கில் காயவிடாமல் வைத்திருக்கும்.

கச்சானும் வாடையும்

ஜப்பானிய விளக்கத்தாளோ அமெரிக்க யூரியூப் காரரோ சொல்லாத விஷயம் நம்முடைய காற்று. பூச்சு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுபோல, பூச்சும் அன்றைய பொழுதும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

லெக்கர் தின்னர் வேகமாகப் பறக்கும். பறக்கும்போது பரப்பைக் குளிராக்கும். காற்று 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், பரப்பு 27 பாகைக்கு இறங்கினாலே அதில் பனி படியும். மூன்று பாகை குளிர்ந்தால் போதும், லெக்கர் அதைச் சுளுவாகச் செய்துவிடும். படியும் நீர்த்துளிகள் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளை மூட்டம் போடும். கறுப்பும் கடுஞ்சாம்பலும் சுண்ணாம்பு பூசியதாகத் தெரியும். அதே 30 பாகையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், பனி படியப் பரப்பு 18 பாகை வரை இறங்கவேண்டும். அது சாதாரணமாக நடக்காது. ஆகவே ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி மேசையில் வையுங்கள். இந்தப் புத்தகத்தில் நான் வாங்கச் சொல்லும் கருவிகளில் விலைக்கு மிஞ்சிய பயன் தருவது அதுதான். 80ஐத் தாண்டிய நாளில் லெக்கரும் மட் வார்னிஷும் அடிக்காதீர்கள்.

வாடைக்காற்றோடு மழை இறங்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அப்படியான நாட்களே அதிகம். அந்த மாதங்களை ஒட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் தூரிகையால் தண்ணீர் அக்கிரிலிக் பூசுவதற்கும் ஒதுக்குங்கள். அவசரம் என்றால் லெக்கருக்குள் ரிட்டாடர் சேர்த்த தின்னர் போடலாம், அது பறக்கும் வேகத்தைக் குறைக்கும். மிஸ்ரர் கலரின் லெவலிங் தின்னரில் அது முன்பே கலந்திருக்கிறது. வாகனப் பெயின்ற் விற்கும் பெரிய கடைகளில் ரிட்டாடர் தனியாகவும் கிடைக்கும். மூட்டம் போட்ட பூச்சைச் சுரண்ட ஓடவேண்டாம். ஈரம் குறைந்த நாளில் ரிட்டாடர் கலந்த தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் லெக்கர் மீண்டும் திறந்து, உள்ளே இருந்த ஈரம் வெளியேறிவிடும். மட் வார்னிஷ் வெளுத்துப்போனால் மேலே மினுக்க வார்னிஷ் ஒன்று அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் நிறம் திரும்பும்; பிறகு நல்ல நாள் பார்த்து மட் அடிக்கலாம்.

கச்சான் வீசும் மாதங்களில் இதற்கு நேர்மாறான வருத்தம். காய்ந்த சூடான மேல்காற்று. எயார்பிரஷிலிருந்து புறப்பட்ட துளி கப்பலைச் சேருமுன்பே பாதி காய்ந்துவிடுகிறது. பரப்பு மணல் தூவியதுபோலக் கரகரப்பாகும். அதன்மேல் டெக்கல் ஒட்டினால் அடியில் காற்றுக் குமிழ் தங்கி வெள்ளி மின்னும். கச்சானில் விடியற்காலையே அடியுங்கள், தின்னரைக் கொஞ்சம் கூட்டுங்கள், முனையைக் கிட்டக் கொண்டுபோங்கள். மத்தியானம் வேண்டாம், தூசியும் அப்போதுதான். பின்னேரம் கடற்காற்று திரும்பியதும் ஈரம் ஏறும், கல்லடிப் பக்கம் வீடு என்றால் அதோடு உப்பும் வரும்.

கொம்பிரசர் வைத்திருப்பவர்கள் தாங்கியின் அடித் திருகைத் திறந்து பாருங்கள். மாரியில் அதற்குள் தேங்கும் தண்ணீர் உங்களை ஆச்சரியப்படுத்தும். நீர்ப்பொறி பூட்டாவிட்டால் அந்தத் தண்ணீர் ஒருநாள் நேரே தளத்தின்மேல் துப்பும். பூச்சுக்குள் வட்டவட்டமாகத் தெரிந்தால் பெயின்ற்றைக் குறை சொல்லாதீர்கள்.

உப்பு

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி எல்லாம் ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று கிடக்கும் மணல் நிலம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் பல வீடுகளில் உவர்க்கும். வார்ப்பு எண்ணெய் போக மொடல் துண்டுகளைச் சவர்க்காரம் போட்டு இந்தத் தண்ணீரில் அலசிக் காயவிட்டால், நீர் வற்றிய இடத்தில் உப்பு மிஞ்சும். அதன்மேல் அடித்த பூச்சு சரியாகப் பிடிக்காது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, நாளடைவில் பூச்சைப் பொட்டுப்பொட்டாகத் தூக்கும். கொதிக்கவைத்தால் உப்பு போகாது. கடைசி அலசலுக்கும் டெக்கல் ஊறப்போடவும் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் போத்தல் ஒன்று வாங்கிவையுங்கள்; பெற்றோல் செட்டிலேயே கிடைக்கும். பிடித்துவைத்த மழைநீரும் நல்லது, முதல் மழைத் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள்.

அலசியபின் வெறுங்கையால் தொடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தூக்கிய துண்டில் எந்த உயர்ந்த பெயின்ற்றும் பிடிக்காது.

ஹேர்மிஸுக்குப் பூட்டும் பித்தளைக் கம்பிவேலியில் தண்ணீர் அக்கிரிலிக் நேரடியாக நிற்காது, நகம் பட்டால் உரியும். உலோகத்துக்கு லெக்கர் பிறைமர் முதலில். உப்புக்காற்றில் பிறைமர் இல்லாத பித்தளை பச்சை பிடிக்கும், பூச்சுக்கு அடியிலேயே.

டெக்கல், கழுவல், வெடிப்பு

நிறம் முடிந்ததும் மினுக்க கிளியர், அதன்மேல் டெக்கல், அதன்மேல் இன்னொரு மெல்லிய கிளியர், அதற்குமேல் எனாமல் கழுவல், கடைசியில் மட். இந்த ஒழுங்கில் கிளியருக்கு இரட்டை வேலை: டெக்கலுக்கு வழவழப்பான பரப்பு கொடுப்பது ஒன்று, கீழே இருக்கும் நிறத்துக்குக் காவலாக நிற்பது மற்றது. அடிநிறம் எனாமல் என்றால் எனாமல் கழுவல் அதையும் சேர்த்து அழித்துவிடும். நடுவில் அக்கிரிலிக் கிளியர் கட்டாயம். டெக்கல்மேல் லெக்கர் கிளியரை ஈரமாக அடித்தால் டெக்கலின் மை கரையும். தூவித் தூவித்தான் ஏற்றவேண்டும்.

எனாமல் தின்னரின் இன்னொரு குணம் பலருக்குத் தெரியாது. அக்கிரிலிக், லெக்கர் பூச்சுகளை அது கரைப்பதில்லை, ஆனால் பிளாஸ்ரிக்கை வெடிக்க வைக்கும். இழுவிசையில் இருக்கும் துண்டு, இறுக்கிப் பொருத்திய முளை, வளைத்து ஒட்டிய தகடு ஆகியவற்றின் இடுக்கில் கழுவல் தேங்கினால், தின்னர் உள்ளே ஊர்ந்து மயிரிழை வெடிப்புப் போடும். கப்பலில் இது குறைவு. கண்டாம் ரோபோ கட்டும் பிள்ளைகள்தான் அதிகம் அகப்படுகிறார்கள், அவற்றின் மூட்டுகளில் வரும் ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக் இதற்கு மிகவும் பயந்தது. கழுவலைக் குளமாக ஊற்றாமல் கோட்டில் மட்டும் தொட்டுவிடுங்கள். நிறம் பூசாத வெறும் ஏ.பி.எஸ்ஸில் எனாமல் கழுவலே வேண்டாம்.

ரெஜிஃபோம் கடல்

ஹேர்மிஸ் நீர்மட்டத்துக்கு மேல் மட்டும் வரும் கிட். ஆகவே கடல் ஒன்று வேண்டும். இங்கே எல்லோரும் கை நீட்டுவது ரெஜிஃபோமுக்கு; வாழ்த்து அட்டை முதல் மணவறை வரை அதில்தான் நடக்கிறது. ரெஜிஃபோமும் கிட்டும் ஒரே பொலிஸ்டைரீன். ஒன்று நுரை, மற்றது கட்டி. ஸ்பிரே பேணியின் முதல் தூவலிலேயே நுரை குழிகுழியாக உருகும். மரப்பசையை அல்லது சுவர் எமல்ஷனை இரண்டு மூன்று தடவை பூசி, விளிம்பும் அடியும் மூடப்பட்டனவா என்று பார்த்த பிறகுதான் வேறெதுவும். மூடிய பின்னும் லெக்கர் ஸ்பிரே வேண்டாம், ஊசிமுனைத் துவாரம் ஒன்று போதும் உள்ளே குகை வெட்ட. கடலுக்கு நீர்க்கரைசல் அக்கிரிலிக்கே நிறைவு. ஐந்தாறு நீலமும் பச்சையும் கலந்து பூசி, மேலே மினுக்க அக்கிரிலிக் ஜெல் தடவி அலை எழுப்பலாம்.

முன்பரீட்சை

புதுப் பேணி, புதுத் தின்னர், புது வார்னிஷ் எது வந்தாலும் கப்பலில் தொடுவதற்கு முன் யோகட் கப்பில் தொடுங்கள். முன்பெல்லாம் பிளாஸ்ரிக் கரண்டிதான் எல்லோருக்கும் பரீட்சைப் பலகை. 2023 ஒக்டோபரில் ஒருமுறைப் பாவனைப் பிளாஸ்ரிக் தடை வந்தபோது கரண்டியும் போய்விட்டது. யோகட் கப் தடைக்குத் தப்பியது. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன், கிட்டின் அதே பிளாஸ்ரிக். சவர்க்காரம் போட்டுக் கழுவி, கிட்டில் அடிக்கப்போகும் அதே ஒழுங்கில், அதே இடைவெளி விட்டு, பிறைமர் முதல் மட் வரை ஒரு பக்கத்தில் அடித்துவிடுங்கள். திகதியையும் தின்னர் பெயரையும் அன்றைய ஈரப்பதத்தையும் கப்பின் உள்ளே பேனையால் எழுதுங்கள். மறுநாள் செலோரேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பூச்சு ரேப்போடு வந்தால் பிடிக்கவில்லை. ஒரு கிழமை கழித்தும் ஒருதரம் பாருங்கள், ஏனென்றால் சில வெடிப்புகள் மெதுவாகத்தான் வெளியே வரும்.

கெட்டுப்போனால்

சுருங்கிய எனாமலை ஈரத்தோடு துடைக்கப் பார்க்காதீர்கள், கோடுகளுக்குள் அப்பிவிடும். ஒரு கிழமை விடுங்கள். சின்ன இடம் என்றால் 1000 இலக்க நீர்த்தாளால் மட்டமாக்கி, மீண்டும் எனாமலே பூசலாம்.

முழுப் பக்கமும் போய்விட்டால் உரிப்பதே வழி. டமியா அக்கிரிலிக் அற்ககோலில் ஊறப்போட்டால் கழன்றுவிடும். எனாமலுக்கும் பழைய அக்கிரிலிக்குக்கும் மண்ணிற டெட்டோல் தண்ணீர் கலக்காமல் நன்றாக வேலை செய்யும். மூடியுள்ள பாத்திரத்தில் ஒரு இரவு ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் தேயுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. இங்கே எல்லோரும் தடுக்கி விழுவது அடுத்த படியில்: உடனே தண்ணீரில் அலசினால் கரைந்த பெயின்ற் பசையாக மாறித் துண்டெங்கும் ஒட்டும். முதலில் புது டெட்டோலில் அலசி, பெயின்ற் முழுதும் போனபின் சவர்க்காரத் தண்ணீர், கடைசியாக வடிநீர். என்.சி. லெக்கரை உரிக்க அதன் தின்னரைப் பாவித்தால் கிட்டும் சேர்ந்து கரையும். அது நீர்த்தாளால் தேய்த்து எடுக்கவேண்டிய விவகாரம். பித்தளைத் துண்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை, தின்னரிலேயே போடலாம்.

மிஞ்சிய டெட்டோலையும் தின்னரையும் வளவுக் கானில் ஊற்றாதீர்கள். மணல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்கு வரும், கானில் ஊற்றியது வாவிக்குப் போகும், டெட்டோலின் மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு. பழைய பெயின்ற் பேணியில் மரத்தூளோ மணலோ நிரப்பி அதில் ஊற்றி, பிள்ளைகளும் அடுப்பும் எட்டாத திறந்தவெளியில் காயவிட்டு, காய்ந்த கட்டியைக் குப்பையோடு கட்டிக் கொடுத்துவிடுங்கள்.